கடலடிச் சேறும் அனுமானப் பிரமாணமும்

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையை வினவிச் செல்லும் மணிமேகலைக்குத் தன் பிரமாணங்களை எடுத்துரைக்கும் அளவைவாதி, அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாக வகுத்து, அவற்றுள் எச்சத்துக்கு உதாரணமாக ஆற்றில் பெருகி வரும் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்திருக்கிறதென்று துணிவதைக் காட்டுகிறான். நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனரும் இதே வெள்ளத்தைத்தான் காட்டுகிறார். காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவது என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் தர்க்க நூல்களில் அடிக்கடி வரும் மலைமேற் புகைக்கும் இந்த வெள்ளத்துக்கும் உள்ள வேற்றுமை சாமானியமானதன்று. மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை ஊகித்தவன், சந்தேகமிருந்தால் ஏறிச் சென்று அந்த நெருப்பைக் கண்ணாரக் காணலாம். பெய்து ஓய்ந்த மழையை அவ்வாறு சென்று காண ஒருவராலும் இயலாது. காரணம் மறைந்திருக்கிறது என்பது மட்டுமல்ல, அது இல்லாமலே போய்விட்டது. எஞ்சியிருப்பது அதன் காரியம் ஒன்றே. இல்லாமற்போன ஒன்றைப் பற்றி உண்மையான ஞானம் உண்டாகக் கூடுமா என்ற கேள்வியை, நம் காலத்து விஞ்ஞானத்தின் ஒரு சிறு துறை, தான் அறிந்தோ அறியாமலோ, மிகக் கூர்மையாக எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஆழ்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றைக் கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலின் மேற்பரப்பு எத்தனை பாகை உஷ்ணமாக இருந்தது என்று கணக்கிடும் துறையே அது.

இந்தக் கணக்கு நிற்கும் ஆதாரம் ஓர் அற்ப ஜீவன். எமிலியானியா ஹக்ஸ்லியை என்பது அதன் பெயர். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ள இந்த ஒற்றைச் செல் பாசி, சுண்ணாம்பாலான நுண்ணிய வட்டத் தகடுகளைத் தன்மேல் போர்த்திக்கொண்டு, வெயில் படும் மேல்நீரில் வாழ்கிறது. சில பருவங்களில் கோடானுகோடியாகப் பெருகி, ஆகாயத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்களுக்குக் கடலே பால் கலந்த நீலமாகத் தோன்றும்படி செய்துவிடுகிறது. இதன் உடலுக்குள், 37 கரியணுக்கள் நீண்ட சங்கிலியாகக் கோத்த, ஆல்கீனோன் என்னும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் உண்டாகிறது. அந்தச் சங்கிலியில் சிலவற்றுக்கு இரண்டு இரட்டைப் பிணைப்புகள், சிலவற்றுக்கு மூன்று. நீர் குளிர்ந்திருந்தால் மூன்று பிணைப்புடையவை மிகுகின்றன. வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டுடையவை மிகுகின்றன. பாசி மடிந்தபின், அதைத் தின்ற சிற்றுயிர்களின் கழிவோடு சேர்ந்து இந்தப் பொருள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிச் சேற்றோடு சேறாகிறது. இறங்கும் வழியிலும் இறங்கிய பின்னும் அதன் பெரும்பகுதி அழிந்துபோகிறது என்பது உண்மைதான். ஆனால் கணக்கிடுகிறவர்கள் அளப்பது எவ்வளவு மிஞ்சியது என்பதையன்று. இரண்டு வகைகளும் எந்த விகிதத்தில் மிஞ்சின என்பதையே. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் அழிவதால், முக்காலே மூன்று வீசம் அழிந்தாலும் விகிதம் பிழைத்திருக்கிறது. பொருள் அழிந்தும் அதன் சம்பந்தம் அழியாமல் நிற்பது தத்துவ சாஸ்திரம் பயின்றவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி எக்ளிண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், கிழக்கு அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியிலிருந்து எடுத்த ஒரு சேற்றுத் தூணில், பனியுகங்கள் வந்து போனதற்கேற்ப இந்த விகிதமும் ஏறி இறங்குவதை 1986இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே பிராஹ்ல், வேக்கம் என்ற இருவர் அந்த அளவையைச் சுருக்கி இன்று வழங்கும் எளிய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள்: இரண்டு பிணைப்புடையவற்றின் அளவை, இரண்டும் மூன்றும் உடையவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணிலிருந்து 0.044ஐக் கழித்து 0.033ஆல் வகுத்தால் சென்டிகிரேடில் உஷ்ணநிலை வந்துவிடுகிறது. சேற்றில் எண் 0.8 என்றால், மேல்நீர் ஏறக்குறைய 22.9 பாகை.

இந்த 0.033உம் 0.044உம் எங்கிருந்து வந்தன என்று கேட்பவரே நியாய சாஸ்திரத்தின் வாசலில் நிற்பவர். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற வியாப்தியை, அதாவது ஒன்றைவிட்டு ஒன்று பிரியாத உடனிகழ்ச்சியை, நாம் மலைமேலிருந்து கற்றதில்லை. புகையும் நெருப்பும் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகிற அடுக்களையிலிருந்து கற்றோம் என்பார்கள் நையாயிகர்கள். அடுக்களை என்ற திருஷ்டாந்தம் இல்லையேல் மலையைப் பற்றிய அனுமானமும் இல்லை. கடற்சேற்றுக்காரர்களுக்கும் ஓர் அடுக்களை இருக்கிறது. சேற்றுத் தூணின் உச்சியில் உள்ள, இன்றைக்கு நேற்றைக்குப் படிந்த மெல்லிய அடுக்கே அது. அங்கே படிந்த பாசி வாழ்ந்த நீர், கப்பலிலிருந்து வெப்பமானியை இறக்கி மனிதர் அளந்து வைத்திருக்கும் நீர். அடையாளமும் அடையாளத்தால் அறியப்படுவதும் அங்கே ஒருசேரக் கைக்கெட்டுகின்றன. தென் அட்சம் 60 பாகையிலிருந்து வட அட்சம் 60 பாகை வரை பல கடல்களிலும் இவ்வாறு எடுத்த மேலடுக்குகளைச் சேர்த்து, 1998இல் முல்லரும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு நேர்கோடு வரைந்தார்கள். பிழை ஒன்றரைப் பாகைக்குள் அடங்கியது. அதில் ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னே பிராஹ்ல், வடகிழக்குப் பசிபிக்கில் பிடித்த ஒரே ஒரு பாசி வம்சத்தைச் சோதனைச்சாலைக் குடுவையில் வெவ்வேறு உஷ்ணத்தில் வளர்த்துப் பெற்ற கோடும், உலகக் கடல்களையெல்லாம் சேர்த்து வரைந்த இந்தக் கோடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

உடனிகழ்ச்சி கிடைத்துவிட்டது, ஆனால் அது ஏன் என்ற வினாவில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்க நல்லெண்ணெய் உருகியே இருப்பதை நம் வீடுகளில் காண்கிறோம். கொழுப்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு மிகுந்தால் அது எளிதில் உறையாது என்பதே அதற்குக் காரணம். குளிர்நீரில் பாசி இரட்டைப் பிணைப்புகளை மிகுவித்துக்கொள்வதும், தன் செல்லின் மெல்லிய சவ்வு விறைத்துப் போகாமல் காத்துக்கொள்ளவே என்று முதலில் விளக்கம் கூறினார்கள். அழகான விளக்கம், கேட்டவுடன் தலையசைக்கத் தூண்டுவது. ஆனால் ஆல்கீனோன் சவ்வில் இருப்பதேயில்லை, செல்லுக்குள்ளே சிறு கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைக்கப்பட்டு, ஒளி குன்றிய வேளையில் எரிபொருளாகச் செலவாகிறது என்று பின்னாளில் கண்டார்கள். விளக்கம் விழுந்தது, விகிதம் விழவில்லை. சேமிப்புப் பண்டம் ஏன் நீரின் உஷ்ணத்தை இத்தனை விசுவாசத்தோடு பின்பற்ற வேண்டும் என்பதற்கு அந்தப் பழைய விளக்கத்தைப்போல் கையடக்கமான ஒரு பதில் அதன் இடத்தில் வந்து அமரவில்லை.

பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்திக்கும் நையாயிகர்களுக்கும் நிகழ்ந்த பழைய வழக்கு இதுவேயாகும். இரண்டு பொருள்கள் எத்தனை முறை சேர்ந்து காணப்பட்டாலும் போதாது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததாகவோ, இரண்டும் சொரூபத்தில் ஒன்றாகவோ இருந்தாலன்றி வியாப்தி உறுதிப்படாது என்பது தர்மகீர்த்தியின் பட்சம். நையாயிகரோ, காரணம் தெரிந்தால் நல்லது, தெரியாவிடினும் சேர்ந்திருக்கக் கண்டு, பிரிந்திருக்கக் காணாமையே வியாப்தியை நிச்சயிக்கப் போதும் என்றார்கள். தர்மகீர்த்தியின் கொள்கையே கம்பீரமானது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றியதுண்டு. ஆனால் இந்தப் பாசியின் விஷயத்தில், அறிந்ததாக நினைத்த காரணம் பொய்யாகி உடனிகழ்ச்சி மட்டும் மெய்யாக நிற்பதைப் பார்க்கும்போது, நையாயிகரின் அடக்கமான கொள்கைக்கே வழக்கு தீர்ந்தது போலிருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடும் ஆசை மனிதனுக்கு மிகப் பெரியது. அவன் சொல்லும் காரணங்களைவிட அவன் கண்ட சம்பந்தங்களுக்கே ஆயுள் அதிகம் போலும்.

ஆனால் நையாயிகர் தமக்குத் தாமே ஒரு கடிவாளம் போட்டுக்கொண்டார்கள். உபாதி என்பது அதன் பெயர். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவன் சொல்வானாயின், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகையை உண்டாக்குவது நெருப்பு மட்டுமன்று, ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் இடையே நின்று காரியத்தை நடத்தும் இந்த ஈர விறகுதான் உபாதி. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வெள்ளத்துக்கும் இந்த ஆட்சேபம் எழுகிறது: ஆற்றை எங்கோ தடுத்து அணைத்தாலும் நீர் பெருகுமே, மழை என்று எப்படித் துணிவது? வெறும் பெருக்கை நான் ஏதுவாகக் கொள்ளவில்லை. வேகமும் நுரையும், அடித்துவரும் இலையும் பழமும் மரக்கட்டையும் சேர்ந்த பெருக்கையே கொண்டேன் என்று சித்தாந்தி விடையிறுக்கிறான். அனுமானத்தைக் கைவிடாமல், அடையாளத்தைக் கூர்மையாக்குகிறான்.

கடற்சேற்றின் சரித்திரத்தில் உபாதியால் ஏமாந்த கதைகள் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் அந்தப் பாசியின் பெயருக்குள்ளே இருக்கும் இருவரே அவ்விரண்டு கதைகளுக்கும் நாயகர்கள். தந்திக் கம்பி போடுவதற்காக அட்லாண்டிக்கின் ஆழத்தை அளக்கச் சென்ற ‘சைக்ளாப்ஸ்’ என்ற கப்பல் 1857இல் கடலடிச் சேற்றை எடுத்துச் சாராயத்தில் இட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. தாமஸ் ஹக்ஸ்லி அதில் நுண்ணிய வட்டத் தகடுகளைக் கண்டார். நம் பாசியினம் விட்டுச்சென்ற சுண்ணாம்புத் தகடுகளே அவை. பத்தாண்டுகள் கழித்து, 1868இல், மேலும் வலிய நுண்ணோக்கியால் அதே சேற்றைப் பார்த்தபோது, தகடுகளுக்கிடையே கூழ் போன்ற ஒரு பொருள் பரவியிருக்கக் கண்டு, ஆழ்கடல் முழுதும் விரிந்து கிடக்கும் ஆதி உயிர்ப்பொருளே இது என்று எண்ணி, ஜெர்மானிய விஞ்ஞானி ஹெக்கெலின் பெயரைச் சேர்த்து அதற்குப் ‘பாத்திபியஸ்’ என்று நாமகரணமும் செய்துவிட்டார். உயிரற்றதிலிருந்து உயிர் தோன்றிய மர்மத்தின் திறவுகோல் கிடைத்துவிட்டதென்று பலர் பரவசமடைந்தார்கள். உலகைச் சுற்றிக் கடல்களை ஆராய்ந்த ‘சாலஞ்சர்’ கப்பல் எங்கெங்கோ சேற்றை அள்ளியும் புதுச்சேற்றில் அந்தக் கூழ் அகப்படவேயில்லை. சாராயம் ஊற்றி வைத்த சேற்றில் மட்டும் அது தோன்றிற்று. கப்பலின் ரசாயனியான புக்கானன் அதைச் சோதித்து, கடல்நீரிலுள்ள கால்சியம் சல்ஃபேட் சாராயத்தால் கூழாகத் திரண்டதே அது என்று காட்டினார். பாதுகாக்க ஊற்றிய சாராயமே உபாதி. ஹக்ஸ்லி 1875இல் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கடவுளைப் பற்றி உண்டென்றும் இல்லென்றும் துணியப் போதிய ஆதாரமில்லை என்ற நிலைக்கு ‘அக்னாஸ்டிக்’ என்ற பெயரை 1869இல் படைத்தவரும் அவரே என்பதை நினைக்கையில், பரம்பொருளின் விஷயத்தில் அத்தனை நிதானம் காட்டியவர் ஒரு குப்பிச் சேற்றின் விஷயத்தில் அதைத் தவறவிட்டது விசித்திரமாக இருக்கிறது.

மற்றவர் சீஸர் எமிலியானி. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த அவர், சேற்றில் கிடக்கும் மற்றொரு நுண்ணுயிரின் சுண்ணாம்பு ஓட்டில் கனத்த ஆக்ஸிஜனுக்கும் லேசான ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, 1955இல் பனியுகக் கடல்களின் உஷ்ணத்தைக் கணக்கிட்டுப் புகழ்பெற்றார். கரீபியன் கடல் பனியுகத்தில் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்ந்திருந்தது என்பது அவர் முடிவு. ஆனால் பனியுகத்தில் லேசான ஆக்ஸிஜன் நிலத்துப் பனிப்பாறைகளில் சிறைப்பட்டு, மிஞ்சிய கடல்நீரே கனத்துவிடுமல்லவா? அதன் பங்கு சிறிது என்று எமிலியானி கொண்டார். பெரிது என்று 1967இல் நிறுவினார் நிக்கலஸ் ஷாக்கிள்டன். அவருடைய யுக்தி எளிமையானது: கடலின் அடியாழத்து நீர் இன்றைக்கே உறைநிலையை ஒட்டியிருக்கிறது, அது இன்னும் ஆறு பாகை குளிர வழியில்லை, ஆயினும் அடியில் வாழ்ந்த உயிர்களின் ஓட்டிலும் மேற்பரப்பு உயிர்களின் ஓட்டில் கண்ட அதே மாறுதல் காணப்படுகிறது, ஆகவே மாறுதலில் பெரும்பங்கு பனிக்கே உரியது. எமிலியானி அளந்த எண்கள் பொய்யல்ல. அவற்றிலிருந்து அவர் ஊகித்த பொருளில் பெரும்பகுதிதான் வேறொன்றாகப் போயிற்று.

ஆல்கீனோனுக்கும் உபாதி இல்லாமலில்லை. பாசி எந்தப் பருவத்தில் பெருகுகிறதோ அந்தப் பருவத்து உஷ்ணத்தையே சேற்றில் விட்டுச் செல்லும் என்பது ஒன்று. அதைவிட விபரீதமான மற்றொன்று பெர்முடா அருகே தெரியவந்தது. அங்கே ஒரே சேற்றடுக்கிலிருந்து ஆல்கீனோனையும் நுண்ணுயிர் ஓட்டையும் பிரித்தெடுத்துக் கரியின் கதிரியக்கத்தால் வயது கணித்தபோது, பக்கத்தில் பக்கமாகக் கிடந்த இரண்டில் ஆல்கீனோன் ஏழாயிரம் ஆண்டு வரை மூத்ததாக இருந்தது. 2002இல் இது வெளியாயிற்று. ஆழ்கடல் நீரோட்டங்கள் வடக்கே கனடாவின் கரையோரத்திலிருந்து பழைய நுண்சேற்றை அள்ளிவந்து அங்கே கொட்டியிருக்கின்றன. பெர்முடாவின் உஷ்ணமென்று படித்தது நோவா ஸ்கோஷியாவின் உஷ்ணமாகவும் இருக்கலாம். அதுவும் வேறொரு காலத்து உஷ்ணம். வெள்ளம் மெய், மழை மட்டும் வேறு மலையில் பெய்தது! இதைக் கண்டவர்கள் ஆல்கீனோன் முறையைக் கைவிடவில்லை. வண்டல் குவியும் இடங்களில் அதை நம்புமுன் வயதையும் சோதிக்க வேண்டும் என்று அடையாளத்தைக் கூர்மையாக்கினார்கள். வாத்ஸ்யாயனரின் சித்தாந்தி செய்ததும் இதுவே.

இங்கே ஓர் இடைப்பேச்சு. பிரத்தியட்சமே பிரமாணங்களில் தலைமையானது, அனுமானம் அதன் ஏவலாள் என்று கருதுவது வழக்கம். உலோகாயதர் அந்த ஏவலாளையும் வெளியே தள்ளிவிட்டார்கள். ஆழ்கடலில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதமே படிகிறது. புழுக்கள் வேறு அதைக் கிளறிக் கலக்கிவிடுகின்றன. ஆகவே ஒரு சென்டிமீட்டர்ச் சேற்றில் கிடைக்கும் 22.9 பாகை என்பது ஒரு நாளினதன்று. நூற்றாண்டுகள் பல ஒன்றாகக் கரைந்த சராசரி. அக்காலத்தில் ஒருவன் அந்தக் கடலில் தோணி விட்டு, தினந்தோறும் நீரில் கை நனைத்திருந்தாலும், அவன் ஆயுளில் அந்த எண்ணை அறிந்திருக்க மாட்டான். நேரில் கண்ட சாட்சிக்கும் எட்டாத ஒன்று பின்னாளில் ஊகிப்பவனுக்கு எட்டுகிறது. உலோகாயதர் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை. அந்த எண்ணுக்கு ஒத்த பொருள் எதுவும் என்றுமே இருந்ததில்லை என்று சொல்வார்களானால், அதை எளிதில் தள்ளிவிடவும் என்னால் இயலாது.

காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் இதே பாதையில்தான் நம் நாட்டில் ஒரு சாரார் ஈசுவரனிடமும் சென்றார்கள். பத்தாம் நூற்றாண்டில் உதயனர் நியாயகுஸுமாஞ்சலியில், உலகம் ஒரு காரியம், குடத்துக்குக் குயவன் போல அதற்கும் ஓர் அறிவுள்ள கர்த்தா இருந்தே தீரவேண்டும் என்று வாதித்தார். அதை ஏற்காமல் மறுத்தவர்களில், ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுஜரே ஒருவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பிரம்மத்தை அறிவதற்குச் சாஸ்திரமே வழி என்னும் பிரம்ம சூத்திரத்தின் பாஷ்யத்தில் அவர் காட்டும் ஆட்சேபங்களின் சாரம் இது: நாம் கண்ட கர்த்தாக்களெல்லாரும் உடலுடையவர்கள், அளவான ஆற்றலுடையவர்கள், ஒருவரல்லர் பலர், அவர்களைக் கொண்டு ஊகித்தால் அத்தகைய ஒருவனோ பலரோ கிடைப்பார்களேயன்றி, சர்வேசுவரன் கிடைக்கமாட்டான், உலகம் முழுதும் ஒருசேரப் படைக்கப்பட்டதை யாரும் கண்டதுமில்லை. சேற்றுக்காரர்களின் பாஷையில் சொன்னால், உலகங்களுக்கு மேலடுக்கு இல்லை. படைப்பவனையும் படைக்கப்பட்ட உலகத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்துக் கோடு வரைந்துகொள்ள ஓர் அடுக்களை அகப்படாதபோது, வரையப்படும் எந்தக் கோடும் அனுமானமாகாது. பகவானிடம் இத்தனை பக்தி பூண்ட ஆசாரியர், அவன் இருப்புக்கு யுக்தியின் துணையை வேண்டாமென்று மறுத்தது, பக்திக்குக் குறைவு நேர்ந்ததனால் அன்று. ஒரு பிரமாணம் சுமக்கக்கூடிய பாரத்தையே அதன்மேல் ஏற்றவேண்டும் என்ற நேர்மையினால் என்றே நான் கொள்கிறேன். உதயனரின் நூல் தர்க்க வன்மையில் இணையற்றது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

அந்த நேர்மைக்குச் சோதனை விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. நீர் 28, 29 பாகையை எட்டினால் மூன்று பிணைப்புடைய ஆல்கீனோன் ஏறத்தாழ மறைந்து, எண் ஒன்றை நெருங்கி நின்றுவிடுகிறது. அதற்குமேல் உஷ்ணம் ஏறினாலும் பாசி எதையும் தெரிவிப்பதில்லை. வெப்பமண்டலத்தின் வெதுவெதுப்பான கடல்களிலும், பூமி முழுதும் இன்றைவிடச் சூடாக இருந்த மிகப் பழைய யுகங்களிலும் இந்த முறை ஊமையாகிவிடும். அதனால் நெதர்லாந்தின் டெக்ஸல் தீவிலுள்ள கடலாராய்ச்சி நிலையத்தார் 2002இல் மற்றோர் அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களின் சவ்வுக்கொழுப்பில் எத்தனை வளையங்கள் உள்ளன என்று கணக்கிடும் முறை அது. ஆர்க்டிக் சமுத்திரத்தின் அடியில் 2004இல் துளையிட்டு எடுத்த படிவில் இந்த முறையைப் பிரயோகித்து, ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வடதுருவத்தருகே கடல் 23 பாகையை எட்டியிருந்தது என்று அறிவித்தார்கள். ஆனால் அக்காலத்து வெப்பமண்டலக் கடல்களைக் கணக்கிடப் புகும்போது, இன்றைய கடல்கள் எதிலும் காணாத உயர்ந்த எண்கள் சேற்றில் வருகின்றன. அவற்றுக்கு மேலடுக்கில் திருஷ்டாந்தம் இல்லை. இன்றைய கோட்டை இன்றைய எல்லைக்கு அப்பால் நீட்டித்தான் ஆகவேண்டும். நேராக நீட்டினால் ஒரு உஷ்ணம், மடக்கைக் கணிதப்படி வளைத்து நீட்டினால் வேறொரு உஷ்ணம். இரண்டுக்கும் இடையே பல பாகை வித்தியாசம். எது சரியென்று அடித்துச் சொல்ல மனம் வராத ஆராய்ச்சியாளர்கள், ஒரே சேற்றுக்கு இரண்டு விடைகளையும் அடுத்தடுத்த பத்திகளில் அச்சிட்டுவிட்டு, எந்தக் கோட்டால் எது வந்ததென்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.